8 வயசு பையனுக்கு ஐக்யூ 72ன்னு ரிப்போர்ட் வந்திருக்கு, இத வச்சி என்ன பண்றது? கடலூர், பாண்டி பக்கம் இருக்கிறவங்க சொல்லுங்க

ரெட்டிச்சாவடி அம்மா
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா தூக்கமே இல்ல அதான் இங்க எழுதுறேன், நீளமா போச்சின்னா பொறுத்துக்கங்க. நாங்க இருக்கிறது ரெட்டிச்சாவடி, பையன் படிக்கிறது முள்ளோடை தாண்டி பாண்டி பக்கம் ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல, மூணாங்கிளாஸ், போன மாசந்தான் 8 முடிஞ்சிச்சி. ஒண்ணாவதுல இருந்தே எழுத்து வரல வரலன்னு சொல்லிக்கினு இருந்தாங்க. இங்கிலீஷ்ல பி எது டி எதுன்னு இன்னும் தடுமாறுறான், தமிழ்ல கொக்குன்னு சொன்னா கெக்குன்னு எழுதுறான், துணைக்கால் எப்பவும் விட்டுப்போவுது. போர்டு பாத்து எழுதுறதும் பாதியிலயே நிக்கும். இந்த வருஷம் கூப்ட்டு, அசெஸ்மெண்ட் பண்ணி ரிப்போர்ட் கொண்டாங்க இல்லன்னா அடுத்த வருஷம் உக்கார வைக்க முடியாது, டிசி வாங்கிக்கிட்டா உங்களுக்கே நல்லதுன்னு சொல்லிட்டாங்க.

ஒரு பிரைவேட் கிளினிக்குக்கு இட்டுக்கினு போனோம். 3,500 ரூபா. என்ன வெளியில உக்கார வச்சிட்டு உள்ள ஒரு 50 நிமிஷம், அப்புறம் அஞ்சி பக்கம் ரிப்போர்ட். மிசிக்னு புள்ளைங்களுக்கான ஐக்யூ டெஸ்டாம். வெர்பல் 62, பெர்ஃபார்மன்ஸ் 82, மொத்தம் 72, பார்டர்லைன்னு போட்டிருக்கு. கடைசி பக்கத்துல ஸ்பெஷல் எஜுகேஷன் தேவைன்னு ஒரே ஒரு வரி. எத்தன நாள், எங்க, யாரு சொல்லிக் குடுப்பாங்க, ஒண்ணுமே இல்ல.

எனக்கு மனசு ஆறலிங்க. ஆடி மாசம் எங்கூரு திரௌபதி அம்மன் கோயில்ல கூத்து நடந்துச்சி, இவன் விடிய விடிய முழிச்சி பாத்தான். மறுநாள் அவங்க ஆயாகிட்ட கர்ணன் கவச குண்டலம் குடுத்ததுல இருந்து தேரு சக்கரம் மண்ணுல பொதைஞ்சது வரைக்கும் வரிசை மாறாம சொல்றான், நடுவுல கட்டியங்காரன் மாதிரி பேசிக்கூட காட்றான். அந்தப் புள்ளைக்கு புத்தி கம்மின்னு ஒரு பேப்பர் சொன்னா நான் எத நம்புறது?

முதுநகர்காரன்
அக்கா முதல்ல அந்த ரிப்போர்ட்ட ஸ்கூல்ல குடுக்காதீங்க. ஒரு தடவ குடுத்துட்டா அந்தப் பேரு புள்ள மேல ஒட்டிக்கும், பசங்களும் கிண்டல் பண்ணுவானுங்க. எங்க அண்ணன் பையன் நாலாவது வரைக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாம இருந்தான், இப்ப பிளஸ் டூ. தானா வரும். ஸ்கூல மாத்திடுங்க.

வட்டார டீச்சரம்மா
நான் கடலூர் மாவட்டத்துல வட்டார வள மையத்துல சிறப்பாசிரியரா 14 வருஷமா இருக்கேன். அம்மா, உங்க ரிப்போர்ட்டுல மொத்தம் 72ங்கிறத விட்டுடுங்க, அதுக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு நம்பர பாருங்க. வெர்பல் 62, பெர்ஃபார்மன்ஸ் 82. இருபது வித்தியாசம். மிசிக்ல ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துதான் மொத்தம் போடுவாங்க. இவ்ளோ இடைவெளி இருக்கும்போது அந்தச் சராசரி எதையும் சொல்லாது, ஏன் இடைவெளின்னு தேடணும். பெர்ஃபார்மன்ஸ்ல கட்டைய அடுக்குறது, படத்துல விட்டுப்போனத கண்டுபிடிக்கிறது மாதிரி வேலைங்க, பேச்சு அதிகம் வேண்டாம். வெர்பல்ல கேள்விய காதால கேட்டு வாயால பதில் சொல்லணும். அப்ப எனக்கு மொத கேள்வி, டெஸ்ட எந்த மொழியில எடுத்தாங்க? வீட்ல தமிழ் பேசுற புள்ளைய இங்கிலீஷ்ல கேட்டா, அளந்தது அவன் புத்திய இல்ல, அவனோட இங்கிலீஷ. ரெண்டாவது, காது கண்ணு பாத்தீங்களா? காது கேக்குதான்னு தெரியாம வெர்பல் டெஸ்ட் எடுக்கவே கூடாது. ஆனா பத்து ரிப்போர்ட் வந்தா ஏழு எட்டுல காதப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது, எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம்.

இந்த நம்பர் ஏன் இவ்ளோ முக்கியம்னும் சொல்லிடுறேன். அறிவுசார் குறைபாடுன்னு சொல்ல ஐக்யூ 70க்கு கீழ வேணும், அது மட்டும் பத்தாது, அன்றாட வேலைங்கள்லயும் வயசுக்கு ரொம்ப பின்தங்கி இருக்கணும். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டுக்கு, அதாவது புத்தி இருந்தும் வாசிப்பு, எழுத்து, கணக்கு வராததுக்கு, சான்று குடுக்க 2018ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்ல ஐக்யூ 85க்கு மேல இருந்தாதான் அடுத்த கட்ட சோதனைக்கே போகணும்னு இருந்துச்சி. உங்க பையன் 72. இந்தப் பக்கமும் இல்ல அந்தப் பக்கமும் இல்ல, ரெண்டுங்கெட்டானா நிக்கிறான். இப்படி நடுவுல மாட்டின புள்ளைங்கதான் எங்ககிட்ட நெறைய, எந்தக் கதவும் திறக்காது, வருஷம் மட்டும் போவும். தப்பான மொழியில, கேக்காத காதோட எடுத்த ஒரு நம்பர் அவனக் கொண்டு போய் அங்க நிறுத்தியிருக்கலாம். கூத்து கதைய வரிசையா சொன்னான்னு எழுதினீங்களே, அத யாராச்சும் ரிப்போர்ட்டுல எழுதினாங்களா? அதுவும் மதிப்பீடுதாம்மா. கேட்டு ஞாபகம் வைக்கிறது, வரிசைப்படுத்துறது, சொந்தமா சொல்றது எல்லாம் அதுல இருக்கு.

ரெட்டிச்சாவடி அம்மா
மேடம் ரொம்ப நன்றி. டெஸ்ட் முழுக்க இங்கிலீஷ்லதான், இங்கிலீஷ் மீடியம் புள்ளன்னு சொன்னாங்க. காது பாக்கல. ஆனா வீட்ல நல்லாதான் கேக்குது மேடம், மெதுவா கூப்ட்டாலும் திரும்புவான்.

ஆடியாலஜி படிச்சவ
அக்கா வீட்ல கேக்குதுன்னு விட்டுடாதீங்க ப்ளீஸ். லேசான குறைபாடுன்னா அமைதியான ரூம்ல, முகத்த பாத்து பேசினா எல்லாமே கேக்கும். கிளாஸ்ல ஃபேன் சத்தம், நாப்பது புள்ளைங்க சத்தம், டீச்சர் ஒரு மூலையில. தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். உயிரெழுத்து சத்தம் கணீர்னு கேக்கும், ச, த, ப, ஸ் மாதிரி மெலிசான ஒலிங்கதான் தப்பிப்போகும், புள்ள பாதி வார்த்தைய ஊகிச்சி ஊகிச்சி களைச்சிடும். அப்புறம் அதுக்குப் பேரு கவனக்குறைவு. அடிக்கடி சளி பிடிக்குமா, வாயால மூச்சு விடுவானா, டிவி சத்தம் கூட்டி வைப்பானா? ஆமான்னா நடுக்காதுல நீர் கோத்திருக்கலாம். எவ்ளோ சின்ன சத்தம் வரைக்கும் கேக்குதுன்னு பாக்குற ப்யூர் டோன் ஆடியோமெட்ரி, நடுக்காத பாக்குற டிம்பனோமெட்ரி ரெண்டுமே கேளுங்க, வலி எதுவும் இல்ல, அரை மணி நேரம்தான். 8 வயசுக்கு பெரா டெஸ்ட் எல்லாம் பொதுவா வேண்டாம், அது பதில் சொல்ல முடியாத சின்னக் குழந்தைங்களுக்கு.

பண்ருட்டி டீச்சர்
நான் அரசு தொடக்கப்பள்ளில இருக்கேன். இன்னொரு பக்கமும் சொல்லணும்னு தோணுது. படிக்காத புள்ளை எல்லாம் கற்றல் குறைபாடு இல்ல. எங்க பக்கம் முந்திரி சீசன் வந்தா பாதி புள்ளைங்க தோப்புல கொட்டை பொறுக்கப் போயிடும், கரும்பு வெட்டு சீசன்ல அப்பா அம்மாவோட ஊர் ஊரா போயிட்டு மூணு மாசம் கழிச்சி வரும். எண்ணும் எழுத்தும் திட்டத்துல புள்ளைங்க கத்துக்கிட்ட அளவ வச்சி அரும்பு, மொட்டு, மலர்னு பிரிக்கிறோம் இல்லியா, மூணாவது புள்ள அடிமட்டமான அரும்புல நிக்குதுன்னா நான் முதல்ல அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர எடுப்பேன். வராததால தெரியலயா, வந்தும் தெரியலயா? வராத புள்ளைக்கு ரெண்டு மாசம் உக்கார வச்சி சொல்லிக்குடுத்தா கிடுகிடுன்னு ஏறிடும். அப்படி சொல்லிக்குடுத்தும் நேத்து வாசிச்ச அதே வார்த்தை இன்னிக்கு புதுசா தெரியுதுன்னாதான் எனக்கு சந்தேகம் வரும், அப்ப குறைபாடு இருக்குமோன்னு தோணுற புள்ளைங்களுக்கான நலம் நாடி செயலில பதிவு பண்ணி வட்டார சிறப்பாசிரியர கூப்டுவேன்.

தப்புகள நோட்டுல எழுதி வைப்பேன், மார்க் இல்ல, தப்பு. ல ள ழ மாத்தி எழுதுறது எல்லாப் புள்ளையும் பண்ணும், நாம பேசும்போதே பிரிச்சி பேசுறதில்ல, அதுல பெருசா ஒண்ணும் தெரியாது. ஆனா கொம்பு, துணைக்கால் விட்டுப்போறது, ஒரே வார்த்தைய ஒரே பக்கத்துல மூணு விதமா எழுதுறது, ‘மரம்’ படம் இருந்தா வாசிக்கிறது படத்த மறைச்சா வாசிக்காதது, இதெல்லாம் கவனிக்கணும். ரெண்டு மாச நோட்டு இருந்தா டெஸ்ட் எடுக்கிறவங்களுக்கே பாதி வேலை முடிஞ்சிது. அம்மா, உங்க பையனோட ஒண்ணாவது, ரெண்டாவது நோட்டெல்லாம் இருக்கா? பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடாதீங்க.

கோரிமேடு அப்பா
எங்க பொண்ணுக்கு ஆட்டிசம், இப்ப 11 வயசு. அதனால அனுபவம் வேற, ஆனா ஒரு விஷயம் பொதுவானது. மூணு வயசுல மொத தடவ இட்டுக்கினு போனப்ப பாப்பா டேபிளுக்கு அடியில போயி உக்காந்துட்டா, முக்கா மணி நேரம் வெளிய வரல. அவங்களும் என்ன பண்ணுவாங்க, பாத்தத எழுதினாங்க. பேச்சு இல்ல, கண் பாக்கல, ஒத்துழைப்பு இல்ல. வீட்ல அவ மூடி போட்ட டப்பா எல்லாத்தையும் அளவு பாத்து அடுக்குவா, மிக்ஸி போட்டா மட்டும் காத பொத்திக்கினு ஓடுவா, பசிச்சா என் கைய புடிச்சி ஃப்ரிட்ஜ்கிட்ட இழுத்துக்கினு போவா. இது ஒண்ணும் அந்தப் பேப்பர்ல இல்ல. அடுத்த தடவ போகும்போது பத்து சின்ன வீடியோ எடுத்துக்கினு போனேன், சாப்பிடும்போது, குளிக்கும்போது, அழும்போது, விளையாடும்போது. அந்த டாக்டரம்மா பொறுமையா எல்லாத்தையும் பாத்துட்டு எங்கள ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாங்க, ஆட்டிசம் எவ்ளோன்னு அளக்கிற இசா ஸ்கேல்ல 40 கேள்வி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் உதாரணம் கேட்டாங்க. 112 வந்துச்சி, மிதமான ஆட்டிசம். மனசு ஒடைஞ்சிச்சிதான், ஆனா அந்த ரிப்போர்ட்டுல எங்க பொண்ணு இருந்தா. மிக்ஸி சத்தம் வரைக்கும் இருந்துச்சி.

அதனால சிஸ்டர், பையன் கூத்து சொன்னத ஃபோன்ல எடுத்து வைங்க. இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க, சந்தோஷமா சொல்லுவான்.

இன்னொண்ணு, தூரம் போக முடியும்னா முட்டுக்காட்டுல மத்திய அரசோட பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கு. பாண்டில இருந்து இசிஆர் வழியா சென்னை போற பஸ்ஸு அந்த வழியாத்தான் போவுது. காதும் மனநலமும் பேச்சும் ஒரே வளாகத்துல பாத்துடலாம். பக்கத்துலன்னா ஜிப்மர் இருக்கு, கூட்டம் இருக்கும், காலையிலயே போகணும்.

முதுநகர்காரன்
எல்லாரும் நல்லா சொல்றீங்க, நான் மறுக்கல. ஆனா கடைசில சர்டிபிகேட்டுலதான் போயி நிக்கும். அந்த அட்டைய நீட்டினா நாளைக்கு வேலை, கல்யாணம் எல்லாத்துலயும் வந்து நிக்கும்ல? எங்க அண்ணன் பையன் அது இல்லாமதான் வந்தான்.

வட்டார டீச்சரம்மா
தம்பி உங்க பயம் எனக்குப் புரியுது, நெறைய அப்பாங்க இதத்தான் கேப்பாங்க. உங்க அண்ணன் பையனுக்கு வந்துடுச்சி, சந்தோஷம். ஆனா வராம எட்டாவதோட நின்னு போயி இப்ப மெக்கானிக் ஷெட்டுலயும் கோழிக் கடையிலயும் நிக்கிற புள்ளைங்கள நான் பேரோட சொல்லுவேன். அதுல ரெண்டு பேராச்சும் நல்ல மூளைக்காரனுங்க. பத்தாவது பரிட்சைல கூடுதலா ஒரு மணி நேரம், சொல்றத எழுதுறதுக்கு ஒரு ஆள், மொழிப்பாட விலக்குன்னு சலுகைங்க இருக்கு, அதுக்கு மருத்துவச் சான்று வேணும். அட்டைய தினமும் சட்டையில குத்திக்கினு போகப்போறதில்ல, தேவைப்படும்போது எடுக்கிறது. ஒண்ணும் பண்ணாம தானா வரும்னு காத்திருக்கிறதுதான் புள்ளைய ஆயுசுக்கும் பாதிக்கும்.

சான்று வேறம்மா, உதவி வேற, இத மட்டும் எல்லாரும் மனசுல வச்சிக்கணும். சான்று வர்ற வரைக்கும் வகுப்புல உதவி பண்ண மாட்டோம்னு எந்த ஸ்கூலும் சொல்லக்கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதுல 16ம் பிரிவு, அரசு அங்கீகாரம் வாங்கின பள்ளிக்கும் சேத்துத்தான், கற்றல் குறைபாட்ட சீக்கிரமா கண்டுபிடிச்சி அதுக்கு ஏத்த மாதிரி சொல்லிக்குடுக்கணும்னு இருக்கு. கண்டுபிடிக்கிற பொறுப்பே பள்ளியோடதுன்னு அர்த்தம், அத அம்மா தலையில கட்டி 3,500 ரூபா செலவு வைக்கிறது நியாயமே இல்ல. அப்புறம் டிசி பேச்சு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009லயும் அதே 16ம் பிரிவுதான், தொடக்கக் கல்வி, அதாவது எட்டாவது முடிக்கிற வரைக்கும் எந்தப் புள்ளையையும் பள்ளிய விட்டு அனுப்பக்கூடாது. 2019ல ஃபெயில் பண்றத பத்தி திருத்தம் வந்துச்சி, ஆனா வெளிய அனுப்பக்கூடாதுங்கிறது அப்படியேதான் இருக்கு. நீங்களா டிசி கேட்டு லெட்டர் எழுதிக் குடுத்துடாதீங்க, அதத்தான் எதிர்பாப்பாங்க.

வில்லியனூர் ஆயா வீட்டுப் பொண்ணு
எனக்கு ஒரு டவுட்டு மேடம், வீடு தமிழ்நாடு, ஸ்கூல் புதுச்சேரி, இவங்க எந்தப் பக்கம் போகணும்? எங்க அக்கா புள்ளைக்கு இதுக்கே அஞ்சி மாசம் அலைஞ்சோம், அங்க போனா இங்க போங்கன்னாங்க.

வட்டார டீச்சரம்மா
நல்ல கேள்வி, நம்ம எல்லைப் பக்கத்துல எல்லாரும் மாட்டுற இடம். ஊனச் சான்றும் யூடிஐடிங்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வீட்டு முகவரி இருக்கிற மாவட்டத்துல வாங்கலாம், இல்லன்னா புள்ள வைத்தியம் பாத்துக்கினு இருக்கிற அரசு மருத்துவமனையில கேக்கலாம், விதியில ரெண்டும் இருக்கு. வகுப்புல குடுக்க வேண்டிய உதவி பள்ளி இருக்கிற பக்கத்து பொறுப்பு, அதாவது புதுச்சேரி கல்வித்துறை. சிபிஎஸ்இன்னா பரிட்சை சலுகைக்கு அவங்க விதி தனி. ஆனா இவங்களுக்கு அட்டை இப்ப அவசரம் இல்ல. முதல்ல காது.

ரெட்டிச்சாவடி அம்மா
எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் ஆச்சி, லேட்டா எழுதுறேன் மன்னிச்சிக்கங்க.

கண்ணு பாத்தாச்சி, ஒண்ணும் இல்ல. காதுலதான் இருக்கு. வலது 35 டெசிபல், இடது 30, டிம்பனோமெட்ரில ரெண்டும் பி டைப்புன்னாங்க. நடுக்காதுல நீர். ஈஎன்டி டாக்டர் சளிக்கு பாத்துட்டு மூணு மாசம் கழிச்சி வரச் சொன்னார், அப்பவும் இருந்தா அடுத்து என்னன்னு பாக்கலாம்னார். எத்தன நாளா இருக்கும் டாக்டர்னு கேட்டேன், சொல்ல முடியாதும்மான்னார். அங்கயே உக்காந்து அழுதுட்டேன். கூப்ட்டா திரும்பலன்னு எத்தன தடவ அடிச்சிருக்கேன் தெரியுமா? வீட்ல நல்லா கேக்குதுன்னு நான்தான் இங்க எழுதினேன். டிவி சத்தம் கூட்டி வச்சிக்கினு உக்காந்திருப்பான், பிடிவாதம்னு நெனச்சோம்.

ஆடியாலஜி படிச்சவ
அக்கா அழாதீங்க, பி டைப் வெளியில இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது, காது வலிகூட இருக்காது. நெறைய புள்ளைங்களுக்கு இது சரியாவுற விஷயம். இந்த மூணு மாசமும் முன் பெஞ்ச், டீச்சர் முகம் தெரியுற மாதிரி, ஃபேனுக்கு அடியில வேண்டாம். பேசுறதுக்கு முன்னாடி பேர் சொல்லி கூப்ட்டு அவன் பாத்த பிறகு பேசச் சொல்லுங்க. இவ்ளோதான், காசு செலவே இல்ல.

பண்ருட்டி டீச்சர்
நானும் ஒரு வார்த்தை. காது மட்டுமே காரணம்னு முடிவு பண்ணிடாதீங்க. பி டி குழப்பம், துணைக்கால் விடுறது, போர்ட பாத்து எழுத முடியாதது எல்லாம் காதால மட்டும் வராது. ரெண்டும் சேந்தும் இருக்கலாம்.

வட்டார டீச்சரம்மா
ஆமா டீச்சர் சொல்றது சரி, நானும் அதத்தான் எழுத வந்தேன். காது தெளிஞ்ச பிறகு மறுபடி மதிப்பீடு, தமிழ் பேசி எடுக்கிற சைக்காலஜிஸ்ட்கிட்ட. அதே மிசிக்க உடனே திரும்ப எடுக்காதீங்க, கேள்வி பழகிப்போயி கணக்கு தப்பும், ஆறு மாசமாவது போகட்டும். அன்றாடத் திறனுக்கு வைன்லேண்ட் அளவுகோல் உண்டு, 89 கேள்வி, உங்களத்தான் கேப்பாங்க, தனியா கடைக்குப் போவானா, சட்டை பட்டன் போடுவானா, தானா குளிப்பானான்னு. உள்ளத உள்ளபடி சொல்லுங்க, புள்ளைய காப்பாத்துறேன்னு கூட்டியும் சொல்லாதீங்க, உதவி கிடைக்கும்னு குறைச்சும் சொல்லாதீங்க.

அதுவரைக்கும் பள்ளியில தனிநபர் கல்வித் திட்டம், அதாவது இவனுக்குன்னு தனியா என்ன சொல்லிக்குடுக்கணும்னு ஒரே ஒரு பக்கத்துல எழுதிக் கேளுங்க. ஐம்பது குறிக்கோள் வேண்டாம், மூணு போதும், மூணு மாசத்துல பாக்கக்கூடியது. துணைக்காலும் கொம்பும் வர்ற இருபது வார்த்தைய தப்பில்லாம எழுதுறது ஒண்ணு. அப்புறம் போர்டுல இருக்கிறத எழுத வைக்காம பக்கத்துல ஒரு தாளுல குடுக்கிறது. மூணாவது, சயின்ஸும் சோஷியலும் வாயால கேட்டு மார்க் போடுறது. கூத்த சொல்ற புள்ள பாடத்தையும் சொல்லுவான்ல?

ரெட்டிச்சாவடி அம்மா
மேடம் நேத்து ஸ்கூலுக்கு போனோம், பையனோட அப்பாவும் லீவு போட்டுட்டு வந்தார். ஆடியோகிராம், ரெண்டாவது நோட்டு, ஃபோன்ல கூத்து வீடியோ மூணையும் எடுத்துக்கினு போனோம். பிரின்சிபால் மொதல்ல ரிப்போர்ட்ட பத்தியே பேசினாங்க, 16ம் பிரிவுன்னு பையனோட அப்பா சொன்னதும் டிசி பேச்ச எடுக்கல. திட்டம் எல்லாம் எழுதித் தர மாட்டோம், மேல கேக்கணும்னாங்க. அது ஏமாத்தமா இருந்துச்சி.

ஆனா கிளாஸ் மிஸ் எங்க பின்னாடியே கேட் வரைக்கும் வந்தாங்க. சின்னப் பொண்ணு, இந்த வருஷந்தான் சேந்திருக்காங்க. எனக்கு காது விஷயம் தெரியாதுங்க அக்கான்னு சொன்னாங்க, வீடியோவ இன்னொரு தடவ போடச் சொல்லி முழுசா பாத்தாங்க. இன்னிக்கு அவன முன் பெஞ்சில உக்கார வச்சிருக்காங்களாம். சாயந்தரம் வந்து சொன்னான், அம்மா மிஸ் செடி பாடத்த என்ன சொல்லச் சொன்னாங்க, வேருல இருந்து சொன்னேன்னு. எழுதச் சொன்னாங்களாடான்னு கேட்டேன். இல்லம்மா சொல்ல மட்டுந்தான்னான்.

அந்த இருபது வார்த்தை லிஸ்ட்டு மட்டும் போடுறீங்களா மேடம், இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்கிறேன்.

வட்டார டீச்சரம்மா
போடுறேன்மா. இன்னிக்கு ராத்திரி அஞ்சி மட்டும் போதும், கொக்கு, பொம்மை, கோழி, தேர், மேளம். கூத்துல வர்ற வார்த்தைங்கள்ல இருந்தே மீதிய அவன எடுத்துச் சொல்லச் சொல்லுங்க. பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம், எதிர்ல உக்காந்து முகத்த பாத்து சொல்லுங்க. எழுதினத ஃபோட்டோ எடுத்து இங்க போடுங்க, தப்ப அழிக்காம.